ஒரு சாண் தள்ளி வைத்த கோப்பை

இன்றைக்கும் யாராவது தங்கள் வீட்டுக் காபி மெஷினைப் பெருமையாகக் காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காபி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மெஷின் மேலும் பெரிதாக இல்லை. என் அண்ணன் மேல் இருக்கிறது, அம்மா மேல் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை.

அண்ணன் எழுபதுகளில் பிரான்சுக்குப் போனவர். காரைக்கால் பக்கத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்தால் மாப்பிள்ளைக்கும் கதவு திறக்கும். அண்ணியின் அப்பா ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். கல்யாணமான மறு வருஷம் அண்ணன் விமானம் ஏறினார். அப்பா இறந்த பிறகு கோட்டுச்சேரி வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் குரும்பகரத்தில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவுக்குக் கண்புரை முற்றத் தொடங்கியது. சோற்றில் கல் கடிபட்டது. வாசலில் நிற்பது யாரென்று குரலை வைத்துத்தான் சொன்னாள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும், ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள் என்றார். நான் லீவுக்கு எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். அம்மா மறுத்துவிட்டாள்.

"பெரியவன் வந்து கையெழுத்துப் போடட்டும். ஆம்பளப் புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கயில, பொட்டப்புள்ள கையெழுத்துல நான் எதுக்குக் கண்ண அறுத்துக்கணும்?"

"சரி, அப்ப அண்ணனுக்கு எழுதுறேன்."

"எழுதாத. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ற புள்ள. வந்தா நாலு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போவட்டும்."

அவர் வராமல் ஆபரேஷனுக்குப் போகமாட்டாள். அவரிடம் சொல்லவும் விடமாட்டாள். கையெழுத்துப் போட யோக்கியதை இல்லாத பொட்டப்புள்ளைதான் தினமும் அவள் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். அதைச் சொன்னால் சண்டை வரும். நான் சொன்னேன், சண்டை வந்தது.

அந்த வருஷம் அண்ணன் வந்தார். பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கினார். கறுப்பாக, தையல் மெஷின் தலை அளவுக்கு இருந்தது. கூடவே சின்னச் சின்ன அலுமினியக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் அரைத்த காபித்தூள் அடைத்து மூடியிருந்தது. கேப்சூல் என்றார். பக்கத்து வீட்டு மாமா அதைக் கையில் வாங்கி, "காபியில மாத்திரையும் வந்துடிச்சா?" என்று கேட்டுவிட்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆபரேஷனைப் பற்றி அண்ணனிடம் பேச அம்மா எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் உடனே உள்ளேயிருந்து கூப்பிடுவாள்.

மெஷினைப் பூட்டுவதற்கே ஒரு நாள் ஆனது. அதன் பிளக் நம் சுவர்த் துளையில் லொடலொடவென்று ஆடியது. எலெக்ட்ரீஷியன் வந்து அதை வெட்டிவிட்டு நம்மூர் பிளக் மாட்டினார். போட்டதும் பீஸ் போய்விட்டது. தடித்த கம்பி போட்டு, ஸ்டெபிலைசர் வைத்து, சாயங்காலம் ஓட்டக் கூடாது, அப்போது கரண்ட் டல்லாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன் மேல் அண்ணி கொடுத்தனுப்பிய லேஸ் துணி, அதன் மேல் மெஷின். அண்ணன் ஒரு முறை செய்து காட்டினார். பின்பக்கம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். கைப்பிடியில் கேப்சூலை வைத்துத் திருகி, சுவிட்சைத் தட்டினால் கோப்பையில் காபி விழும். அம்மா குடித்துவிட்டு, "தேவாமிர்தம்" என்றாள். அண்ணன் ஊருக்குப் போன மறுநாள், "கசாயம்" என்றாள்.

கஷாயமாக இருந்தாலும் மெஷின் ஓடியாக வேண்டும். பெரியவன் தூக்கி வந்தது. பராமரிப்பு யார் பொறுப்பு? வேறு யார்? எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பு. இரண்டே மாதத்தில் தண்ணீர்த் தொட்டியில் வெள்ளையாகப் பூத்து, காபி சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து, வடிகட்டி, அந்தச் சாற்றுத் தண்ணீரை ஓட்டி, பிறகு மூன்று முறை நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவினேன். மாதாமாதம் இது. அப்புறம் பள்ளிக்கூடத்துக் கைபம்பில் நல்ல தண்ணீர் வருகிறதென்று ஐந்து லிட்டர் கேனில் பிடித்து பஸ்ஸில் தூக்கி வந்தேன். கண்டக்டர், "டீச்சர், உங்க ஊர்ல தண்ணியே கெடயாதா?" என்று கேட்காத நாள் இல்லை. பெற்ற தாயின் கண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாதவள், ஒரு மெஷினுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தால் எரியும்.

கேப்சூல் தீர்ந்தது. கேட்டு எழுதட்டுமா என்றேன்.

"புள்ளகிட்ட பிச்ச கேக்கச் சொல்றியா? காலியான டப்பியெல்லாம் கழுவி வச்சிருக்கேன். நம்ம தூள அடைச்சுப் போடு."

அம்மா ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. எல்லாவற்றையும் கழுவி, ஒரு ஆர்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தாள். எனக்கும் அப்போது புத்தி இல்லை. சிக்கரி கலந்த நம்மூர்த் தூளை அடைத்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வெட்டி, மைதாப் பசை தடவி ஒட்டினேன். முதல் இரண்டு எப்படியோ ஓடின. மூன்றாவதில் மெஷின் முக்கியது, முனகியது, நின்றுவிட்டது. சிக்கரி பிசினாக இறுகி, அதோடு மைதாவும் வெந்து, உள்ளே இருந்த சல்லடையை அடைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஸ்டவ் குத்தும் ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். "பதனமா குத்து, பெரியவன் வாங்கினது" என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு சிக்கரி இல்லாத தூள், பசை இல்லாமல் மடித்த வெள்ளித்தாள் என்று ஒருவழியாகப் பழக்கிக்கொண்டேன்.

அதற்குள் அம்மாவால் சிவப்பு விளக்கைப் பார்க்க முடியாமல் போயிருந்தது. "எரியுதா?" என்று கேட்பாள். நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் யாராவது விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்பது அவள் கவலை. அதற்கும் நானே வழி செய்து கொடுத்தேன். சுவிட்சின் மேல் ஒரு சொட்டு அரக்கை உருக்கி வைத்தேன், விரலில் தட்டுப்படும். தண்ணீர்த் தொட்டியில் ரப்பர் பேண்டு மாட்டினேன், அதுவரை விரலை விட்டுப் பார்த்து ஊற்றலாம். விளக்கு அணைய எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பார்த்து, நூற்றிருபது எண்ணச் சொன்னேன். கோப்பையை மெஷினின் காலில் இடிக்கும்வரை தள்ளி வைத்தால் காபி சரியாக உள்ளே விழும். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அண்ணனுக்குக் கடிதம் எழுதுவதும் நான்தான். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். மெஷின் நன்றாக ஓடுகிறது, நான் சௌக்கியம், கண் நன்றாகத் தெரிகிறது. கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில், அவளுக்குத் தெரியாமல், என் பங்குக்கு எழுதுவேன்: அண்ணே, அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, நீங்கள் வந்தால்தான் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பாள். நாலைந்து கடிதங்களில் எழுதினேன். பதில் ஒரு நாள் வந்தது, அம்மாவின் பெயருக்கு. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். 'உனக்குக் கண் தெரியவில்லை என்று தங்கச்சி எழுதுகிறாள், நீ தெரிகிறது என்கிறாய், எதை நம்புவது?' என்று கேட்டிருந்தார். அந்த வரியை விழுங்கிவிடலாம் என்று நினைத்தேன். வீம்புக்குப் படித்தேன்.

"ஏண்டி, ஏங் கடுதாசியில நீ என்னத்தடி எழுதின? ஏங் கண்ணு ஒனக்குப் பாரமா இருக்குன்னு எழுதினியா?" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது காலை பதினோரு மணி. பெட்டியை இறக்கி வைத்தார். இந்த முறையும் ஒரு பொட்டலம் கேப்சூல். அம்மா என்னை மெஷின் பக்கம் போகவிடவில்லை. "நீ ஒக்காருப்பா, நானே போட்டுத் தர்றேன்" என்று எழுந்தாள். சுவரைத் தொட்டது தெரியாமல் தொட்டுப் போனாள். ரப்பர் பேண்டுவரை தண்ணீர் ஊற்றினாள். பேசிக்கொண்டே உள்ளுக்குள் எண்ணினாள். கோப்பையை இடித்து வைத்தாள். கேப்சூலைத் திருகி, அரக்குப் பொட்டைத் தடவி, சுவிட்சைத் தட்டினாள். காபி கோப்பையில் விழுந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

அண்ணன் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கண்ணு தெரியாதவங்க போடுற காப்பியா இது? ஒனக்கு எல்லாமே பெருசுதான். ஒண்ணுமில்லாததுக்கு என்ன அங்க தூங்கவிடாம பண்ணிட்ட."

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. இரண்டு வருஷம் தண்ணீர் தூக்கியது, ஊசியால் குத்தியது, அரக்கு உருக்கியது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தானா? இவர் பத்து நாளில் போய்விடுவார். அடுத்து வருவதற்குள் அந்தக் கண் முழுக்க அணைந்துவிடும்.

"அம்மா, அண்ணனுக்கு இன்னொன்னு போடு, நல்லா இருக்காம்" என்றேன்.

அம்மா உற்சாகமாகத் திரும்பினாள். கோப்பையை இடித்து வைத்தாள். கேப்சூல் எடுக்கக் கையை அந்தப் பக்கம் நீட்டியபோது, அண்ணன் பார்க்கப் பார்க்க, நான் அந்தக் கோப்பையை ஒரு சாண் தள்ளி வைத்தேன். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி அடக்கினேன். மெஷின் போட்ட இரைச்சலில் அவளுக்கு வித்தியாசம் கேட்கவில்லை. காபி தட்டில் விழுந்து, நிறைந்து, வழிந்து, அண்ணியின் லேஸ் துணியில் ஓடியது. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு, கோப்பை இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஈரத்தில் துழாவினாள். "இந்தா, எடுத்துக்கப்பா" என்று பாதி சொன்னவள் நிறுத்திவிட்டாள்.

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. நான் நின்ற பக்கம் சரியாகத் திரும்பினாள்.

"நவுத்தி வச்சியாடி?"

"ஆமா."

"எம் புள்ள முன்னாடி என்னக் குருடியாக்கிட்டல்ல?"

அந்த வாரமே அண்ணன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கையெழுத்துப் போட்டார். லீவை நீட்டித்துக்கொண்டு, கட்டுப் பிரிக்கும்வரை இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்து என்னிடம் சொன்னார்: "இவ்வளவு மோசம்னு நீ முன்னாடியே தெளிவா எழுதியிருக்கலாம்ல?"

கார் நிற்கும்போதே கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. என்ன கத்தினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக ஏறியது ஞாபகம் இருக்கிறது.

அம்மாவுக்குத் தடித்த கண்ணாடி வந்தது. பார்வை வந்தது. தானே அரிசி புடைத்தாள், தானே காலண்டரில் தேதி பார்த்தாள், மெஷினைப் பார்த்து, "ரப்பர் பேண்டும் அரக்குமா என்னடி அசிங்கம் இது" என்று எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்து, கேப்சூல் தீர்ந்து, ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதை பீரோவில் எடுத்து வைத்தாள். அண்ணன் அடுத்து வரும்போது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், "வா, ஒனக்கு ஒரு காப்பி போட்டுத் தர்றேன்" என்றாள். அந்தக் கடைசி கேப்சூல் அவள் கையில் இருந்தது. மாதக் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள், சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா விளக்கு அணைவதைக் கண்ணால் பார்த்துக் காத்திருந்தாள். கோப்பையைச் சரியான இடத்தில் வைத்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாக, தெளிவாக இருந்தன. என்னைப் பார்த்தபடியே கோப்பையை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, சுவிட்சைத் தட்டினாள்.

காபி முழுவதும் கொட்டி முடியும்வரை நின்றாள்.

"தொடச்சிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.