லாரி முதுகில் எழுதிய விலாசம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை.

வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு தையல் மெஷின். அதை வைத்துத்தான் திண்டுக்கல்லில் தார்ப்பாய்ப் பட்டறை ஆரம்பித்தேன். “லாரிக்குத் துணி தைச்சு எவன் முன்னுக்கு வந்தான்?” என்று கேட்டவர் வேறு யாருமில்லை, என் சொந்த மாமனார். கொட்டகை போட்டேன்... காற்றில் கூரை பறந்தது. மறுபடி போட்டேன். தார்ப்பாயில் கயிறு கோக்கிற கண் பதிக்கும் மெஷினை, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் வடநாட்டுக்குப் போய் வாங்கி, அதன் மேலேயே தலை வைத்துத் தூங்கி, ரயிலில் கொண்டுவந்து சேர்த்தேன். பேங்கில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை மேனேஜர் எழுந்து நின்று காபி சொன்னார். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் கிளை திறந்தேன். இன்றைக்கு அங்கேயிருந்து கேரளாவுக்குக் கிளம்புகிற லாரிகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். பாதி லாரி என் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

தற்பெருமை என்று சிலர் கடிதம் போடுகிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆபீசில் திருத்திவிடுகிறார்கள். இந்தப் பிழையை அவர்களாலும் திருத்த முடியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன் — நான் செய்ததை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்?

அந்தக் கேள்விதான் இந்த வாரம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை. பட்டறைக்குள் நுழைகிறேன், காதர் பாய் பெயின்ட் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் எங்கள் எழுத்துக்காரர். தார்ப்பாய் தைத்து முடித்ததும், லாரியின் பின்பக்கம் தொங்கப்போகிற பாகத்தைத் தரையில் விரித்துவிடுவோம். அதற்குப் பட்டறையில் ‘முதுகு’ என்று பெயர். அந்த முதுகில் எங்கள் விலாசத்தை வெள்ளை எழுத்தில் எழுதுவது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறார்.

“என்னண்ணே, இந்த மாசத்தோட எழுத்து கெடையாதாமே?”

“யாரு சொன்னா?”

“ஒங்க மவன்தான். ‘பாய், இனிமே முதுகு வெறுமனே போகட்டும். வெளம்பரத்தையெல்லாம் இன்டர்நெட்டு பாத்துக்கிரும்’னாரு. இந்த வயசுல நான் சுண்ணாம்படிக்கவா போவேன்?”

“செத்த நேரம் இருங்க பாய். டீ சொல்றேன்.”

“டீ கெடக்கட்டும்ணே. நீங்க சொல்லித்தான் எழுத ஆரம்பிச்சேன். நிப்பாட்டச் சொல்றதையும் நீங்களே சொல்லிருங்க.”

என்னால் சொல்ல முடியவில்லை. முழங்கால் தேய்ந்து, படி ஏற முடியாமல் போனபோது பட்டறையை மகன் ரவி கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகு ‘அதைச் செய், இதைச் செய்யாதே’ என்றால் அது கொடுத்ததாகுமா? வாயைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். களைப்பாக இருக்கிறது... உழைத்த களைப்பு தூங்கினால் போய்விடும். இது அப்படிப் போவதில்லை.

ரவியிடம் கேட்டேன்.

“நானாச் சொல்லலப்பா, ரிப்போர்ட் சொல்லுது. மத்தியானம் மீட்டிங் இருக்கு. நீங்களும் வாங்க, பாத்துட்டுப் பேசுங்க.”

என் பட்டறை மீட்டிங்குக்கு எனக்கு அழைப்பு! போனேன். எனக்குப் போட்டிருந்தது விருந்தாளி நாற்காலி.

கோயம்புத்தூரிலிருந்து செந்தில் என்கிறவர் வந்திருந்தார். காதோரம் நரைத்தவர், மரியாதையான மனிதர். ஒரு வருடமாக எங்கள் கம்பெனிக்குச் சோஷியல் மீடியாவில் பக்கம் நடத்துகிறவர். தினமும் ஒரு போட்டோ, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, ஓணத்துக்கு ஒரு வாழ்த்து. அந்தப் பக்கத்தால் வியாபாரத்துக்கு என்ன லாபம் என்பதைச் சுவரில் படம் போட்டுக் காட்டினார்.

எங்களுக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. தார்ப்பாய் வேண்டுகிறவர் அதைத் திறந்து, அளவைப் போட்டு, விலை கேட்கலாம். யார் யார் திறந்தார்கள், எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்று கணக்கெடுக்க அதற்குள்ளேயே ஒரு ஏற்பாடு. வெப் அனலிட்டிக்ஸ் என்கிறார்கள். கடை வாசலில் ஒரு ஆளை உட்காரவைத்து, வருகிறவரையெல்லாம் ‘எந்தப் பக்கமிருந்து வாரீக?’ என்று கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான். நல்ல ஏற்பாடு. அந்தக் காலத்தில் எனக்கு இது கிடைத்திருந்தால் இன்னும் நாலு கிளை திறந்திருப்பேன்.

“இத்தனை பேர் நம்ம பக்கத்துக்கு லைக் போட்டிருக்காங்க சார்” என்றார் செந்தில்.

“மொத ஆளு யாருங்க?”

ரவி எட்டிப் பார்த்துச் சொன்னான். “சித்தி பையன்ப்பா... துபாய்ல இருக்கான்ல.”

“ஏலே, அவன் ஏசி மெக்கானிக்டா. அவனுக்கு எதுக்குத் தார்ப்பாய்?”

“அது ஒரு சப்போர்ட்டுப்பா...”

“அடுத்த ஆளு?”

“விடுங்கப்பா.”

விட்டேன். அடுத்த ஆள் என் பேத்தி என்பது பிறகு தெரிந்தது.

படத்தில் மூன்று வரிசை இருந்தது. சோஷியல் மீடியாவிலிருந்து வந்தவர்கள், தேடிப் பார்த்து வந்தவர்கள், அப்புறம் ‘டைரக்ட்’. இந்த மூன்றாவது வரிசைதான் யானை மாதிரி நீண்டு கிடந்தது. விலை கேட்டவர்களில் பெரும்பாலோர் அதில்தான் இருந்தார்கள்.

“டைரக்ட்டுன்னா?”

“நம்ம வெப்சைட் அட்ரஸை அவங்களே டைப் பண்ணி வந்தவங்க சார்.”

“அட்ரஸ் அவுகளுக்கு எப்பிடித் தெரிஞ்சது?”

“நம்ம சோஷியல் மீடியா பக்கத்தை எப்பவாச்சும் பார்த்திருப்பாங்க. மனசுல நின்னிருக்கும்ங்க. அதனாலதான் இதையும் அந்தக் கணக்குலயே சேர்த்திருக்கறனுங்க.”

இருப்பாங்க... நின்னிருக்கும்ங்க... ஆகச் சுவரில் இத்தனை கோடு போட்டுவிட்டு, முக்கியமான இடத்தில் இவரும் என்னைப் போலக் குத்துமதிப்புத்தானா?

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். முதலில் நாங்கள் முதுகில் எழுதியது போன் நம்பர். ஒரு சமயம் ஊரில் எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு எண் கூடியது, ஞாபகமிருக்கிறதா? ஒரே நாளில், ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த என் அத்தனை தார்ப்பாயும் ஊமையாகிவிட்டது. லாரிகளை எங்கே போய்த் தேடிப் பிடித்துத் திருத்துவது? அப்போதுதான் யோசித்தேன் — மாறாத விலாசம் எது? வெப்சைட் அப்போது புதுசு. ரவியே அதைச் சும்மா ஒரு அழகுக்குத்தான் வைத்திருந்தான். நான்தான் காதர் பாயிடம், “நம்பர் வேணாம் பாய், இதை எழுதுங்க” என்று சீட்டில் ஆங்கில எழுத்தைக் காட்டினேன். எனக்கும் அந்த எழுத்து படிக்க வராது, அவருக்கும் வராது. படம் வரைவதைப் போல வரைந்தார். “கம்பெனி பேரு, ஊரு, இது, எல்லாத்தையும் போட்டா எதுவும் தெரியாதுண்ணே. இது ஒண்ணை மட்டும் முழங்கை நீளத்துக்குப் போடுவோம்” என்றார். போட்டோம்.

யார் படிப்பார்கள் என்கிறீர்களா? குமுளி மலையில் ஏறிப் பாருங்கள். முன்னால் காய்கறி லாரி மூச்சு வாங்கிக்கொண்டு போகும். பின்னால் ஜீப், கார், பஸ். முந்த வழி கிடையாது. கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற வரை ஏலக்காய் எஸ்டேட்காரரும் பந்தல்காரரும் மிளகு காயவைக்கிறவரும் அந்த முதுகையேதான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் மீட்டிங்கில் சொன்னேன். செந்தில் பணிவாகக் கேட்டுக்கொண்டார். “நல்ல கதைங்க சார். ஆனா டேட்டா இல்லீங்களே” என்றார்.

அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். எத்தனை பேரிடம், எத்தனை வருடம் நிரூபித்துக்கொண்டே இருப்பது? ஆனால் காதர் பாய் வெளியே டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாரே.

“அந்த டைரக்ட்டை மட்டும் நாள்வாரியாப் போட முடியுமா?” என்று கேட்டேன்.

போட்டார். மேலும் கீழுமாக ஒரு கோடு. வாராவாரம் ஒரே இடத்தில் ஒரு பள்ளம்.

“அது சண்டேங்க சார். ஜனங்க ரெஸ்ட் எடுப்பாங்க.”

சரி என்று தலையாட்டினேன். ஆனால் ஒரு மாதத்தில் மட்டும், வாரத்தின் நட்டநடுவில், ஞாயிற்றுப் பள்ளத்தைவிடப் பெரிய பள்ளம் ஒன்று கிடந்தது.

“இது என்னங்க?”

“சர்வர் ப்ராப்ளமா இருக்கும்ங்க.”

“அந்த நாள்ல நீங்க ஒங்க பக்கத்துல ஒண்ணும் போடலியா?”

பார்த்தார். “போட்டிருக்கறனுங்க. அந்த வழியா வந்தவங்க எப்பவும் போல வந்திருக்காங்க... டைரக்ட்டு மட்டும்தான் விழுந்திருக்குது.” அவருக்கே குழப்பம். “சர்வர்னா ரெண்டுமே விழுந்திருக்கோணுமே?”

ரவிதான் தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “அப்பா... அந்த வாரம் லாரி ஸ்டிரைக். ஓட்டமில்லாம நின்ன வண்டியெல்லாம் கிழிசலுக்கு ஒட்டுப் போட நம்ம வாசல்லதான வரிசை கட்டுச்சு? நான் சாப்பிடக்கூடப் போகல.”



“சந்தைக்கு வாராவாரம் லீவு என்னைக்கு?” என்று கேட்டேன்.

“சனிக்கிழமை” என்றான். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமை லோடு ஏறாது. ஞாயிறு காலையில் மலையில் எங்கள் முதுகு இருக்காது. ஜனங்கள் ரெஸ்ட் எடுப்பதாகச் சொன்ன அன்றைக்கு ரெஸ்ட் எடுத்தது லாரி!

செந்திலைக் குறை சொல்ல மாட்டேன். வேறொருவர் என்றால் மழுப்பியிருப்பார். இவர், “ரெண்டு வாரம் நான் எதுவுமே போடாம இருக்கறனுங்க. டைரக்ட்டும் விழுந்தா அது என் பக்கத்தால வந்தது. விழலைன்னா உங்க லாரியால வந்ததுங்க” என்றார். ரவியும் ஒத்துக்கொண்டான். “விழுந்துச்சுன்னா எழுத்தை நிப்பாட்டிருவேன், அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது” என்று என்னிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொண்டான்.

அந்த இரண்டு வாரத்தைப் போல வேறெதுவும் என்னைச் சோர்வடையச் செய்ததில்லை. தினமும் காலையில், “கோடு எப்பிடிடா இருக்கு?” என்று கேட்பேன். “இருக்குப்பா” என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. காதர் பாயிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு முதுகு முதுகாக எழுதிக்கொண்டிருந்தார். ஒருவேளை நான்தான் தப்போ? இத்தனை வருடம் நான் பீற்றிக்கொண்டதெல்லாம் என் நினைப்பு மட்டும்தானோ? இள வயதில் இப்படிச் சந்தேகம் வந்திருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பேன். இப்போது அது ராத்திரிச் சாப்பாட்டில்கூட வந்து உட்கார்ந்தது.

இரண்டு வாரம் முடிந்தது. சோஷியல் மீடியா வரிசை வற்றிப்போயிருந்தது. டைரக்ட்? சந்தை லீவுக்கு மறுநாள் விழுகிற பள்ளங்களைத் தவிர, அசையவேயில்லை.

ரவி நேராகக் காதர் பாயிடம் போனான். “பாய், எழுத்து இருக்கட்டும்.”

“எழுத்து இருக்கும் தம்பி. பெயின்ட்தான் தீந்துபோச்சு. வாங்கித் தாங்க.”

சோஷியல் மீடியா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பந்தல் போடுகிற இளவட்டங்கள் அதன் வழியாக வருகிறார்கள். செந்திலுக்கும் வேலை தொடர்கிறது. நான் சொல்வது வேறு. கடைசியாக வாசலில் கூட்டிக்கொண்டு வந்து விட்டவருக்கே எல்லாக் கணக்கும் மாலை போடுகிறது. ரோட்டில் நின்று கை காட்டியவர் கணக்கில் வருவதில்லை. அவர் இருந்த இடத்துக்கு ‘டைரக்ட்’ என்று பெயர். யாருமே அனுப்பாமல் தானாக வந்தார்கள் என்று அர்த்தம். யாராவது, எதற்காவது, தானாக வருவார்களா?

இது இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போன திங்கட்கிழமை புது ரிப்போர்ட் வந்தது. ‘டைரக்ட்’ என்ற வரிசையே இல்லை. அதற்குப் பதில் ‘ஆஃப்லைன் பிராண்டிங்’ என்று புதுப் பெயர். இன்டர்நெட்டுக்கு வெளியே செய்த விளம்பரம் என்று அர்த்தமாம். நன்றாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் இன்னும் என்னவோ. பேத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். ‘ஆய்வில் கண்டறிந்தது: செந்தில். வழிகாட்டல்: ரவி.’

மறுபடி படிக்கச் சொன்னேன். அதேதான்.

ரவியிடம் கேட்டதற்கு, “அது ஒரு ஃபார்மாலிட்டிப்பா. நம்ம வீட்டுக்குள்ள என்ன பேரு?” என்றான். வீட்டுக்குள் என்றால் சரி. ஆனால் அந்தத் தாள் வீட்டுக்குள் இருப்பதில்லை. செந்தில் அதை நாலு கம்பெனிக்குக் காட்டுகிறார். ரவி பேங்க்குக்குக் காட்டுகிறான்.

அதனால் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். அடுத்த மாத ரிப்போர்ட்டில் அந்த வரிசைக்கு நேரே பெயர் வர வேண்டும். விலாசத்தை எழுதச் சொன்னது நான். முழங்கை நீளத்துக்கு எழுதியது காதர் பாய். முதலில் என் பெயர், அடுத்து அவர் பெயர் — வரிசை மாறக் கூடாது.