ஈ காக்கா இல்லாத ஊர்

தொண்ணூறுகளில் நான் செங்கல்பட்டில் ஆசிரியர். எங்கள் ஸ்டேஷன் பகுதி எப்படி உருவானது என்று பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். ஒரு பக்கம்தானே என்று தலையாட்டித் தொலைத்தேன்.

"எங்க பாட்டன் தொட்டி வச்சப்ப ரயிலே கெடையாது. விறகு கெடைக்குதுன்னுதான் ஸ்டேஷனே வந்துது" என்றார் விறகு விற்கும் தொட்டியின் முதலாளி.

அதைச் சொன்னதும் ஓய்வுபெற்ற ரயில்வே கேங்மேன் சீறினார். "இன்னா சார் கதை வுட்டுகினு கீறாரு? தண்டவாளம் போட்ட எங்காளுங்கதான் மொதல்ல குடிசை போட்டது. வண்டி வந்தப்புறம்தான் விறகே வந்துது."

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் ஒன்றை இருவருமே அடித்துச் சொன்னார்கள்: தங்களுக்கு முன் இங்கே ஈ காக்கா இல்லை. அதையே முதல் வரியாக எழுதி, தொட்டியில் நின்று முதலாளிக்குப் படித்துக் காட்டினேன்.

சவுக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "ஆளே இல்லன்னா, இந்த நெலத்த யாராண்ட சார் வாங்கினாங்கோ?"

முதலாளி கல்லாவைத் திறந்து சில்லறை எண்ண ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து, அதே தெருவிலிருக்கும் எங்கள் மனையின் மூலப்பத்திரத்தைத் தேடி எடுத்தேன். விற்றவர் இடத்தில் கேள்விப்படாத ஒரு பெயர். பக்கத்தில், அழுத்தி வைத்த ஒரு கட்டைவிரல் ரேகை.