பூஜை போட்ட எஞ்சின் மூடி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிற ஆள். நானெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சம்பவத்தை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஆடிப் பதினெட்டு சமயம். காவிரியில் இரு கரையையும் தொட்டுத் தண்ணீர் போனது. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்னப் படித்துறை. அங்கே யாராவது தவறி விழுந்தால் தூக்குவதற்குப் பாதுகாப்புப் படகு ஒன்று விட ஏற்பாடு. பொறுப்பு எடுத்தவர் எங்கிருந்தோ ஒரு பழைய படகைக் கொண்டுவந்து இறக்கினார். ஓட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார். முக்கொம்புப் பக்கம் படகு ஓட்டியிருக்கிறேன். அதற்கு முன் தென்னூர் பட்டறை ஒன்றில் பம்ப்செட் வேலையும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படகில் எஞ்சின் உள்ளே, பின்பக்கம், ஒரு பெரிய மூடிக்குள் இருக்கும். கியரும் தண்ணீரைத் தள்ளும் விசிறியும் வெளியே, தண்ணீருக்குள் தொங்கும் பகுதியில் இருக்கும். உள்ளேயிருந்து வெளியே கியரை மாற்றுவது ஒரு கேபிள். முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோதே வம்பு தெரிந்துவிட்டது. கியர் விழுவதே கனமாக இருந்தது. நியூட்ரலுக்கு எடுத்தால் எஞ்சின் பொட்டென்று நின்றுவிடும்.

வெளியூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். முப்பது வயதிருக்கும். கார்புரேட்டரைக் கழுவினார், பிளக் மாற்றினார். பழையபடி நின்றது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் மூடியைத் திறந்து, வெளியே போகும் கேபிளை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியர் லீவரை ஆட்டிப் பார்த்தேன். லீவர் பூப்போல வந்தது, எஞ்சினும் நிற்கவில்லை. கழற்றிய கேபிள் முனையைக் கையால் இழுத்தேன். அசையவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். அந்த எஞ்சினில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கியரை எடுக்கும்போது அது கண் இமைக்கும் நேரம் பிளக்கில் வரும் தீப்பொறியை நிறுத்தும். அந்தத் தொய்வில் கியர்ப் பல் கழன்று வரும். கேபிள் இறுகிக் கிடந்ததால் சுவிட்ச் அழுந்தியபடியே நிற்க, எஞ்சின் செத்துவிடுகிறது. சுவிட்ச் ஒழுங்காகத்தான் இருக்கிறது. குற்றவாளி கேபிள்.

டீ குடித்து வந்தவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அண்ணே, இது உங்க பம்ப்செட் இல்லண்ணே," என்று சிரித்தார்.

பொறுப்பாளர், "கேபிள் திருச்சியில கிடைக்குமா?" என்று கேட்டார்.

"சென்னையில சொல்லித்தான் வரணும் சார். நாலஞ்சு நாள் ஆகும்."

"நாளைக்குப் பதினெட்டுய்யா!"

"அதுக்கு ஏன் சார் கேபிள்? அந்த சுவிட்சுதானே எஞ்சினை நிறுத்துது? டைரக்ட் பண்ணி விட்டுடுறேன்."

டைரக்ட்! நம் ஊரில் எந்த சுவிட்ச் தொல்லை கொடுத்தாலும் இதுதான் வைத்தியம். சுவிட்சின் வேலையை ஒரு துண்டு ஒயரை வைத்து முடக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினார். கரையோரம் மெதுவாக ஓட்டிக் காட்டினார். எஞ்சின் நிற்கவில்லை. கியரும் எப்படியோ வந்தது. "பாத்தீங்களா?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளத்தை எதிர்த்து எஞ்சின் இழுக்கும்போது அந்தத் தொய்வு இல்லாமல் கியர் கழலாதே. அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, படகு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என நினைத்துப் போனேன். அதற்குள் எஞ்சின் மூடிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டியிருந்தார்கள். நான் மூடியில் கை வைத்ததும் பொறுப்பாளர் பதறினார்.

"பூஜை போட்டாச்சுங்க. இனிமே தொறக்காதீங்க. நல்ல நாளும் அதுவுமா!"

கையை எடுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு மேல் நல்ல கூட்டம். பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கூச்சல். ஐம்பது வயது அம்மா ஒருவர் பாசியில் வழுக்கி ஆற்றில் விழுந்து, படியோரச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினார். நான் வெள்ளத்தை எதிர்த்துப் படகைத் திருப்பி அவரை நோக்கிப் போனேன். கிட்டே வந்ததும் வேகத்தைக் குறைத்து லீவரை நியூட்ரலுக்கு இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. படகு அந்த அம்மாவின் மேலேயே போகிறது. அவர் கண்ணை என்னால் பார்க்க முடிந்தது.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு முன்பக்கம் ஓடி, படிக்கல்லில் காலை ஊன்றித் தள்ளினேன். படகின் மூக்கு அவருக்கு ஒரு முழம் தள்ளிக் கல்லில் மோதியது. படியில் நின்றவர்கள் அவரைத் தூக்கிக் கரையேற்றினார்கள். எனக்குக் கணுக்கால் வீங்கியதோடு சரி.

அந்த அம்மா நடுங்கிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, காப்பாத்த வந்தீங்களா, கொல்ல வந்தீங்களா?"

அதற்குள் பொறுப்பாளர் ஓடிவந்தார். "கியர் எடுக்கத் தெரியாத ஆளைக் கூட்டிட்டு வந்தது என் தப்பும்மா," என்று எல்லோர் முன்னாலும் கும்பிட்டார். முந்தின நாள் "டைரக்ட்" என்றபோது பக்கத்தில் நின்ற அதே மனிதர்!

என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தின் நடுவே கத்தினேன். மாலையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். மூடியைத் திறந்து, டேப் சுற்றிய ஒயரைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினேன். "இதைப் போட்டது நான் இல்லங்க! கேபிள்தான் கோளாறுன்னு நேத்தே சொன்னேன். பம்ப்செட்காரன்னு சிரிச்சாங்க!" பொறுப்பாளர் வேறு பக்கம் பார்த்தார்.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஈரப் புடவையோடு நின்ற அந்த அம்மா ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"நேத்தே தெரியுமா? தெரிஞ்சுமா எடுத்துட்டு வந்தீங்க?"

தூக்கிப் பிடித்திருந்த ஒயரைக் கீழே இறக்கினேன்.

அந்த மெக்கானிக் மேலும் பொறுப்பாளர் மேலும் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. தீரவும் வேண்டாம். ஆனால் லீவர் என் கையில் இருந்தது. சாவியும் என் கையில் இருந்தது. கூச்சம் என்று நான் சொல்லிக்கொண்டதற்கு அந்த அம்மா உயிரைக் கொடுத்திருப்பார் என்ற நினைப்பு மட்டும் என்னை விடுவதில்லை.

மறுநாள் படகு கரையிலேயே கட்டிக் கிடந்தது. மெக்கானிக் போனை எடுக்கவில்லை. நான் கேபிளைக் கழற்றினேன். உறைக்குள்ளிருந்து துருத்தண்ணீர் சொட்டியது.