மாதேஸ்வரன் பையில் ஒரு நீளக் கேஸ்

மாதேஸ்வரனின் த்ரீ ஒன் ஃபைவ் ரைபிளிலிருந்து ஒரு தோட்டா தொப்பூர்க் கணவாயில் கிளம்பினால், ஓசூர் வரைக்கும் போய், அங்கே நின்று நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வந்து குறி வைத்த இடத்தில் கச்சிதமாகப் படும். இடையில் லாரி வந்தால் ஒதுங்கி வழி விடும்.

இதைச் சொன்னவர் மாதேஸ்வரனேதான். மாரண்டஹள்ளியில் ஒரு வங்கியின் வாசலில் சொந்த லைசென்ஸ் துப்பாக்கியோடு நிற்கும் கன்மேன் அவர். எதிரே தீர்த்தம்மாளின் டீக்கடை. அங்கே பாய்லர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டவள் தீர்த்தம்மாளின் மகள் யுவராணி. ப்ளஸ் ஒன்னில் பாதியோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கணக்கு வராது, குறும்பு நன்றாக வரும்.

"தோட்டா குடிச்ச டீ ஸ்ட்ராங்கா, லைட்டா மாமா?" என்பாள்.

"உங்க அம்மா போடற மாதிரி சுடுதண்ணி இல்ல பாப்பா."

மாதேஸ்வரன் ராணுவத்தில் இருந்தது உண்மை. அங்கே பெரும்பாலும் ஸ்டோரில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. வங்கிக்கு வந்த பிறகு ஒரு திருடனையும் அவர் பார்க்கவில்லை. பணம் போட வரும் பெண்கள் கவுண்டருக்குப் போகும்போது கைக்குழந்தையை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு தோளில் ரைபிள் தொங்கும், இன்னொரு தோளில் குழந்தை தூங்கும். வருஷத்துக்கொரு தடவை அனுமதி வாங்கி போலீஸ் ரேஞ்சில் சுட்டுப் பழகுவார். அவ்வளவுதான் அவருடைய போர்.

ஆனால் வாய்ப்போர் தினமும் உண்டு. ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுவரும் வண்டியின் கன்மேன் அறிவழகன். அவனிடம் இருந்தது தர்ட்டி நாட் சிக்ஸ் ரைபிள். வண்டி வந்து நின்றதும் டீக்கடைப் பலகையில், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடான தன் காலி கேஸ் ஒன்றை நட்டு வைப்பான், சாமி கும்பிட வைத்த மாதிரி.

"பாருங்கண்ணா. நீளத்தப் பாருங்க, பளபளப்பப் பாருங்க. உங்குளுது குட்டையா, தொப்பை போட்ட ரிட்டயர்டு வாத்தியார் மாதிரி இருக்குது."

"தொப்பை இல்லடா, தெம்பு. எட்டு எம்.எம். தோட்டா. பட்டா எந்திரிக்க மாட்டான். அடியில விளிம்பு இருக்குது பாரு, புடிமானம்!"

"அந்த விளிம்புதான் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். என்னுது வழுக்கிக்கிட்டு உள்ள போவும். வேகமும் ஜாஸ்தி. எங்க மச்சான் பெங்களூர் ரைபிள் கிளப்புல சுடறாரு. சுட்ட கேஸைச் சுத்தம் பண்ணி, அனுமதியோட மறுபடியும் மருந்து நெரப்பிச் சுடுவாங்களாம். நல்ல பித்தளை கெடைக்காம தரையில வுழுந்ததக்கூடப் பொறுக்கி வெச்சுக்குவாங்களாம். உங்க கேஸை எவன் கேக்கறான்?"

"எங்க தோட்டாக் கடைக்காரரு கேக்கறாருடா! காலியத் திருப்பிக் குடுத்தாத்தான் எனக்குப் புதுத் தோட்டா. ஒண்ணக்கூட நான் தொலைச்சதில்ல, தெரியுமா?"

அதுதான் வினையாகப் போனது.

ஒருநாள் அறிவழகன் பேச்சு மும்முரத்தில் தன் கேஸைப் பலகையிலேயே மறந்துவிட்டுப் போனான். யுவராணி அதை டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள். மறுநாள் காலையில் மாதேஸ்வரன் ரேஞ்சில் சுட்ட காலி கேஸுகளைத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவள் முடிச்சை அவிழ்த்தாள், நீளக் கேஸை உள்ளே போட்டாள், பழையபடி கட்டினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அறிவழகன் வருவான். மாமா பெருமையாகப் பையைத் திறப்பார். எதிரியின் கேஸ் எட்டிப் பார்க்கும். மாமாவின் மீசை துடிக்கும். அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம்.

ஆனால் மாதேஸ்வரன் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். தருமபுரி பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கிருந்து சேலம், சேலத்தில் தோட்டாக் கடை.

பஸ் கிளம்பியபோது யுவராணி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கடையில் திறந்தாலும் சிரிப்புதானே என்று நினைத்தாள்.

கடைக்காரர் பையைக் கண்ணாடி மேஜைமேல் கொட்டினார். குட்டைக் கேஸுகளுக்கு நடுவில் ஒன்று நீட்டிப் படுத்திருந்தது. அவர் சிரிக்கவில்லை. லைசென்ஸில் இருக்கிற துப்பாக்கியின் அளவு ஒன்று, பையில் இருக்கிற கேஸின் அளவு வேறு. "எனக்கு உங்களத் தெரியுங்க. ஆனா நான் சொல்லாம வுட்டா என் கடைக்கே பூட்டுங்க" என்று ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டார். விசாரணை முடியும்வரை ரைபிளை ஒப்படைக்கச் சொன்னார்கள். காலி கேஸ் எப்படி வந்தது என்று திங்கட்கிழமை வந்து சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் லைசென்ஸ் நிற்காது என்றார்கள். லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை என்றது அவரை வங்கிக்கு அனுப்பிய செக்யூரிட்டி ஏஜென்சி.

இருந்தாலும் மாதேஸ்வரன் தினமும் யூனிஃபார்ம் போட்டு வந்தார். வங்கி வாசலில் நிற்க முடியாது, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். தோள் பழக்க தோஷத்தில் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. குழந்தைகளை இப்போதும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தக்காளி மண்டிக்காரர்கள் மட்டும் விடவில்லை. "என்னாங்க கன்மேன், கன்னு எங்க, மேனு மட்டும் ஒக்காந்திருக்குது?" என்றார்கள்.

கேஸ் விஷயம் காதில் விழுந்தபின் அறிவழகன் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. டிரைவரை அனுப்பி டீ வாங்கினான்.

"அந்தக் கேஸு அறிவு மாமாதுதான்னு ஸ்டேஷன்ல சொல்லிட வேண்டியதுதானே?" என்று யுவராணி கேட்டாள். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது.

"எப்படிச் சொல்றது கண்ணு? அவன் வெளையாட்டுக்குப் போட்டானோ என்னமோ. சொன்னா அவனையும் கூப்புட்டு ஒக்கார வெப்பாங்க. ரெண்டு சின்னப் புள்ளைங்க அவன் வூட்டுல. எனக்குத் தெரியலீங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன். போனாப் போவுது."

போனாப் போவுது என்றவரின் கை, மடியில் தூங்கிய குழந்தையின் காலை விடாமல் பிடித்திருந்தது.

யுவராணிக்குச் சோறு இறங்கவில்லை. பாய்லரிடம் சொல்லிப் பார்த்தாள். "நான்தான் போட்டேன்." பாய்லர் உஸ்ஸென்றது. ஒருமுறை பக்கத்தில் போய், "மாமா, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"இன்னைக்குச் சர்க்கரை கம்மி, அதானே? பரவால்ல வுடு."

அவளும் விட்டுவிட்டாள். ஸ்டேஷன், போலீஸ், அம்மாவின் கரண்டி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சொல்வதற்குப் பதிலாக ஏலக்காய் தட்டிப் போட்டாள். பாலைச் சுண்டக் காய்ச்சினாள். அவர் வருமுன் பெஞ்சைத் துடைத்தாள். மண்டிக்காரர்கள் வாயைத் திறந்தால் எச்சில் தண்ணீரை அவர்கள் கால்பக்கம் ஊற்றினாள். தீர்த்தம்மாள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லியே" என்று முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வங்கி பூட்டியிருந்தது. ஆனாலும் மாதேஸ்வரன் வந்தார். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போட்டுக்கொண்டு போக ஷூவுக்கு இப்போதே பாலிஷ் போட்டிருந்தார். யுவராணி டீயைக் கொண்டுவந்து கையிலேயே கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரை இறக்கினார்.

"டீ நல்லா இருக்குது பாப்பா."

"ம்."

"அதான் எனக்கு ஒதைக்குது."

அவள் பெஞ்சைத் துடைக்கும் துணியைக் கையில் எடுத்தாள்.

"இத்தன நாள்ல ஒருக்காவாவது நல்ல டீ குடுத்திருக்கியா நீ? உப்புப் போட்டுக் குடுத்த. சேர்ல சூயிங்கம் ஒட்டுன. புதுசா வந்த மேனேஜர்கிட்ட எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லி, அந்தாளு ஒரு மாசம் எங்கிட்டக் கத்திக்கத்திப் பேசுனாரு. இப்ப துப்பாக்கி போயி ஊரே என்னைக் கிண்டல் பண்ணுது. மொத ஆளா நிக்க வேண்டியவ நீ. நீ மட்டும் வாயத் தொறக்கல."

யுவராணி துடைத்த பெஞ்சையே திரும்பத் துடைத்தாள்.

"அறிவழகன் கேஸை எப்பக் கண்ணு எம் பையில போட்ட?"

எந்தக் கேள்விக்கும் அவளிடம் ஒரு பொய் தயாராக இருக்கும். இதற்கும் இருந்ததா என்று தேடிப் பார்த்தாள். துணியைக் கீழே போட்டாள்.

"நீங்க கை கழுவப் போனப்ப, மாமா."