கையுறையின் உள்பக்கம்

வீலக்கா தன் பத்து விரல்களையும் அந்தக் கண்ணாடிமேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. விசா ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண், "கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்க" என்றாள். துடைத்து வைத்தாள். "தலைமுடியில ஒரு தடவை தேய்ச்சிட்டு வைங்க. லேசா எண்ணெய்ப் பசை இருந்தா எடுத்துக்கும்." தேய்த்து வைத்தாள். மிஷின் மசியவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே எழுந்து வந்து வீலக்காவின் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கார் வீல் கழுவறேம்மா."

"அதான். ரேகையே இல்லையே உங்களுக்கு."

சொன்னவளுக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். கேட்டவள் தன் விரல்களை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கடல் தாண்டி, மகனோடு இருக்கும் அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிறதாம். ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வளையல் அளவுக்குத்தான் உலகம் மிச்சமிருந்தது. அக்கா மகன் போன் செய்து, "சித்தி, டாக்டர் கையை விரிச்சிட்டாரு. இருக்கறதும் ரொம்ப நாள் தாங்காதுங்கறாரு. அம்மா வேற எதுவும் கேக்கலை. பாப்பாவைக் கிட்டக்க உக்கார வச்சு ஒரு தடவை பாத்துடணும்னு மட்டும் சொல்றாங்க" என்றான். போனில் பார்த்தால் போதாதா என்று கேட்டதற்கு, அது போனுக்குள்ளே இருக்கிற பாப்பா என்று சொல்லிவிட்டாளாம் அக்கா.

பாப்பா என்றால் வீலக்காதான். காதோரம் நரைத்து, மகனுக்குக் கல்யாணமும் செய்து முடித்த பாப்பா. இவளைப் பெற்ற அன்றைக்கே அம்மா போய்விட்டாள். துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தையைக் கை நீட்டி வாங்கியது அக்கா. அப்போது அவளுக்கே யாராவது தலை பின்னிவிட வேண்டும். அதோடு அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது. அப்பா கைநாட்டு. எங்கே மையைக் காட்டினாலும் கட்டைவிரலை உருட்டிவிட்டு வந்து நிற்கிற மனிதர். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன அக்கா, தங்கையின் கையைப் பிடித்துப் பிடித்து எழுதப் பழக்கினாள். வீலக்காவின் கையெழுத்து இன்றைக்கும் முத்து முத்தாக இருக்கும். அதைத்தான் விசா ஆபீஸில் ஒருத்தரும் சீந்தவில்லை. அவர்களுக்குக் கைநாட்டு வேண்டுமாம். அதற்கு இவளிடம் ரேகை இல்லை. படிக்க வைத்த பாவத்துக்கு அக்காவுக்கு இது தேவைதானா என்று யாரையாவது பிடித்துக் கேட்கலாம்போல இருந்தது.

ரேகை எங்கே போனது என்பதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. வாடகைக் கார் கம்பெனியின் பின்பக்கம் இருக்கும் கழுவும் ஷெட்டில்தான் போனது. வீலக்கா என்ற பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். வாடகைக்குப் போய்த் திரும்பும் காரில் மற்ற இடமெல்லாம் வெறும் புழுதி, வீல் மட்டும் கரியடுப்பு. பிரேக் பிடிக்கப் பிடிக்க உதிரும் தூள், சூட்டோடு சூடாக அலாய் வீலில் போய் அப்பிக்கொள்ளும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி கீறும். காற்றடித்து ஊதினால் நேராக மூக்குக்குள் போகும். ஷெட்டுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெள்ளைத் தண்ணி. கேனில் வருகிற ஆசிட்டுக்கு அங்கே அதுதான் பெயர். தெளித்ததும் நுரைத்துக்கொண்டு கருப்பெல்லாம் கழன்று ஓடும். வீலின் பாலிஷும் கூடவே கொஞ்சம் ஓடும், அது கம்பெனியின் தலைவலி. கையுறை மாட்டினால் கம்பிகளுக்கு நடுவே விரல் நுழையாது என்று வருஷக்கணக்காக வெறுங்கையாலேயே தேய்த்தாள் வீலக்கா. விரல் வழுவழுவென்று ஆனபோது, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கவுண்டர் பெண் நல்லவள். குரலைத் தாழ்த்தி, "ஒரு மாசம் ஆசிட் படாம, தண்ணியில ஊறாம கையைப் பாத்துக்கங்க. ரேகை திரும்ப வளரும். ஆனா இன்னும் ஒரு தடவைதான் எடுக்க முடியும். அப்பவும் விழலைன்னா ஃபைல் மேலிடத்துக்குப் போயிடும். அங்கேருந்து எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது" என்றாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் வீலக்காவின் கணவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைக்கூட அலம்பி வைக்காத மனுஷன், பாத்திரம் துலக்கினார், துணி துவைத்தார், வீடு துடைத்தார். முதல் வாரத்திலேயே இரண்டு தட்டு உடைந்தது. "உங்கக்கா கண்ணுக்காகப் பண்றேன், உனக்குன்னு நினைச்சுக்காதே" என்று முறைத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே அவள் விரல்களுக்கு எண்ணெய் தடவிவிட்டார்.

ஷெட்டில்தான் பாடாக இருந்தது. வேலையை விடவும் வழியில்லை. வேலையில் இருக்கிறவள், திரும்பி வந்துவிடுவாள் என்று கம்பெனி கொடுத்த கடிதத்தை நம்பித்தான் விசாவே நின்றது. லீவும் அக்காவிடம் போய் இருப்பதற்கென்று வைத்திருந்தது. சூப்பர்வைசரிடம் போய், "சார், இந்த ஒரு மாசம் மட்டும் சீட்டு துடைக்கற வேலை குடுங்க சார்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

சரி, வெள்ளைத் தண்ணியே வேண்டாம் என்று முடிவு செய்தாள். சொந்தமாகக் கருப்பு ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி, மெல்லிய பிரஷ்ஷும் கார் ஷாம்புவும் எடுத்துக்கொண்டாள். வண்டி வந்ததும் வீல் ஆறட்டும் என்று விட்டாள். பிறகு பைப்பைப் பிடித்துத் தூளை நனைத்து இறக்கினாள். ஷாம்பு நுரையில் ஒவ்வொரு வீலாகத் தேய்த்து, காய்வதற்குள் அலசினாள். வீலும் பளிச்சென்று வந்தது, கையும் பிழைத்தது. தினமும் பென்சில் கரியை விரலில் பூசிக் காகிதத்தில் ஒற்றிப் பார்த்தாள். சில நாளில் ஆள்காட்டி விரலில் மங்கலாகக் கோடுகள் தெரிந்தன. கணவரை எழுப்பிக் காட்டினாள். அவர் தூக்கக் கலக்கத்தில், "ம், நம்ம வீட்டுக்கு வர்ற பாதை மாதிரியே இருக்கு" என்றார். அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் சூப்பர்வைசர் கண்ணை உறுத்தியது. "அக்கா, நீங்க வீல் கழுவறீங்களா, குளிப்பாட்டித் தலை துவட்டறீங்களா? வெளிய கஸ்டமருங்க நின்னுட்டிருக்காங்க."

"வீல் சூடு ஆறணும் சார்."

"அது ஆறட்டும், எனக்குச் சூடு ஏறுது. வெள்ளைத் தண்ணி அடிங்க. இல்லைன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்."

வேறு ஆள் என்றால் கடிதம் போயிற்று, விசாவும் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கேனைத் திறந்தாள். கையுறைதான் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். முழங்கை வரைக்கும் இழுத்து மாட்டி, ஒரு சொட்டு தெறித்தாலும் பதறித் துடைத்தாள். ஆனால் பென்சில் கரியில் கோடுகள் மங்க ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் ஆள்காட்டி விரல் மறுபடியும் மொட்டை. எண்ணெயைக் கூட்டினாள், குறைத்தாள். இரண்டாம் முறை விரல் வைக்கும் நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா மகன் போனில், வளையல் இப்போது கம்மல் அளவு ஆகிவிட்டது என்றான். கையை என்ன செய்தாலும் ஏன் வளரமாட்டேன் என்கிறது என்று புரியாமல், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

விசா ஆபீஸுக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், இதையும் நானே அலசிப் போடுகிறேன் என்று கணவர் கையுறையை எடுத்தார். உள்ளே கை விட்டவர், சுரீரென்று உதறினார். பாத்திரம் துலக்கிக் கீறிக்கொண்ட விரல் அவருக்கு.

"என்னடி, உள்ளே இப்படி எரியுது?"

"உள்ளே எப்படி எரியும்?"

"எது உள்பக்கம்? ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

வீலக்கா வாங்கிப் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை தண்ணீரில் ஊறக்கூடாது என்று, கையுறையை அலசாமல்தான் தினமும் கழற்றினாள். வியர்த்த கையிலிருந்து உரித்து இழுக்கும்போது அது உள்பக்கம் வெளியே வந்து புரண்டுகொள்ளும். புரண்ட வலது கையுறை இடது கைக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தும். டீ குடித்துவிட்டு வருகிற அவசரத்தில் அதைத் திருப்பாமல், அப்படியே கை மாற்றி மாட்டிக்கொண்டாள். ஆசிட் குடித்த பக்கம் உள்ளே போய், காற்றுப் படாமல், வியர்வையோடு, மணிக்கணக்காக விரலைத் தின்றிருக்கிறது. மரத்துப்போன விரலுக்கு அது உறைக்கவும் இல்லை. வெறுங்கையில் பட்டிருந்தால் உடனே துடைத்தாவது இருப்பாள். பத்திரமாக இருக்க வேண்டும் என்று செய்தது ஒவ்வொன்றும் அவளையே கவிழ்த்திருந்தது. கணவர் கையுறையை வாங்கி ஓரமாக வைத்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கவுண்டரில் அதே பெண்தான் இருந்தாள். ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது. இடது சுண்டுவிரலில் மட்டும் பச்சை எரிந்தது. வீல் கம்பிக்குள் எப்போதும் நுழையாத விரல் அது.

"இது எரியுதும்மா" என்றாள் வீலக்கா.

"எரியுது. ஆனா நாலு விரலாவது வேணும்."

"இது ஒண்ணை வச்சு அனுப்ப முடியாதா? எங்கக்காவுக்குக் கண்ணு..." சுண்டுவிரலைக் கண்ணாடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஃபைலை மேலிடத்து அடுக்கில் வைத்தாள். அடுக்கு உயரமாகவே இருந்தது.

படியிறங்கி வந்தபோது போன் அடித்தது. திரையில் அக்கா முகம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்கள் அலைந்துகொண்டிருந்தன. "பாப்பா, என்னிக்குக் கிளம்பறே?"

சொல்லாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. விரல், மிஷின், வெள்ளைத் தண்ணி, கையுறை, எல்லாவற்றையும் தெருவில் நின்று தேம்பித் தேம்பிச் சொன்னாள். "உன்னைப் பாக்க வரமுடியாம நானே கெடுத்துக்கிட்டேங்கா" என்றாள்.

அக்காவின் முகம் திரைக்கு இன்னும் கிட்டக்க வந்தது.

"கையைக் காட்டு."

"வேண்டாங்கா."

"காட்டுன்னா காட்டு. இன்னும் கிட்டக்க. அப்படியே வச்சிரு, அசைக்காதே."

அக்காவின் கண்கள் துழாவித் துழாவிக் கடைசியில் ஓரிடத்தில் நின்றன. அந்தக் கம்மல் அளவு வெளிச்சத்துக்குள் கை அகப்பட்டுவிட்டது என்று தெரிந்தது.

"பொறந்தன்னிக்கு உன்னை வாங்கினேன்ல, அப்பவும் இந்தக் கை இப்படித்தான் வழுவழுன்னு இருந்துச்சு" என்றாள் அக்கா. "எனக்கே அடையாளம் தெரியுது. அந்த மிஷினுக்கு என்ன கேடு?"

வீலக்கா கையைக் கீழே இறக்கவில்லை. முழங்கை வலித்தும், அக்கா போதும் என்று சொல்லட்டும் என்று போனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டே நின்றாள். அக்கா சொல்லவில்லை.