கனகசிங்கம் தெளித்த பன்னீர்

செங்கலடிக் கனகசிங்கம் இருபது வருடமாகக் காட்டுக்குப் போகிறவன். எதற்கென்று கேட்டால், தோளில் வேட்டைத் துவக்கை வைத்துக்கொண்டே, தேன் எடுக்க என்பான். அவன் கொண்டுவந்த தேனில் பாதிக்கு நான்கு கால் இருந்தது ஊருக்கே தெரியும். பக்கத்து வளவுக்காரன் நான். நானும் தின்றிருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது.

அறுபத்தைந்தாம் ஆண்டில் கல்லோயாப் பள்ளத்தாக்குக் காப்பகத்தில் அவன் வழிகாட்டி வேலை கேட்டான். மாதச் சம்பளம், பென்சன். ஒரு நாள் அதிகாரி சிறில் ஐயாவையும் அவர் மனைவி மார்கிறட் அம்மாவையும் கூட்டிப்போய் மிருகங்களைக் காட்டவேண்டும். காட்டினால் வேலை.

"பெரிய மனுசர் வாறாங்க. வெறுங்கையோட நிண்டா மரியாதையா?" என்று அவன் மனைவி சீதேவிப்பிள்ளை பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் கட்டிக்கொடுத்தாள். காற்றடிக்கும் பக்கம் பார்க்காமல் காட்டில் பீடிகூடப் பற்றவைக்காதவன் அவன். ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு மூளை வேலை செய்யாது. செம்பு தூக்க நானும் போனேன். படகடியில் ஐயா, அம்மா, படகோட்டி, நான், ஒருவர் தலையையும் பன்னீர் தெளிக்காமல் அவன் விடவில்லை.

மலைகளுக்கு நடுவே படகு போனது. தீவுக்குத் தீவு யானை நீந்தும் என்றான். வெறும் தண்ணீர்தான் கிடந்தது. கரையேறினோம்.

"இதுதான் மான் படுக்கிற இடம், ஐயா."

மடிந்த புல்லில் சூடுகூட ஆறவில்லை. மான் இல்லை.

"இந்த மடுவுக்குத்தான் மரை வரும்."

குளம்படி இருந்தது. மரை இல்லை. காற்று எங்கள் முதுகில் அடிக்க, கலியாணவீட்டு மணம் எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. கனகசிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை போகிற பயத்தில் தன் கெட்டித்தனத்தை எல்லாம் அவிழ்த்துவிட்டான்.

"அந்தப் பாலை மரத்துக் கவட்டில ஏறி இருந்தா ஒண்டும் தப்பாது, ஐயா!"

சிறில் ஐயா நின்றார். "எதுக்குத் தப்பாது?"

"கண்ணுக்கு, ஐயா."

மார்கிறட் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இவ்வளவும் தெரிஞ்ச ஆளை வெளியில விட்டா எனக்கு ஒரு மிருகமும் மிஞ்சாது" என்றார் ஐயா. "திங்கட்கிழமை வேலைக்கு வாரும். துவக்கைக் காப்பகக் கந்தோரில ஒப்படைச்சிரும்."

"துவக்கா? நான் தேன் எடுக்கிறவன், ஐயா."

"ஓம், அந்தத் தேன் எடுக்கிற துவக்குத்தான்."

சேதி கேட்ட சீதேவிப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, பன்னீர் தெளிச்ச மரியாதைக்குத்தான் வேலை கிடைச்சிருக்கு! இந்தச் சந்தோசத்துக்கு ஒரு மான்..."

அவன் துவக்கை இறக்கிப் பழைய சாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இனிக் கருவாடுதான்கா" என்றான்.

அழுதுவிடுவான் போலிருந்தது. எனக்கும்தான் அழுகை வந்தது.