விதைக்கு விட்ட பூ

மேடம் திடீரென்று பாறைமேல் குப்புறப் படுத்ததைப் பார்த்து, மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் போனால், கன்னம் ஈரப்பாறையில் படிந்திருக்க, ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸ் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். "மெதுவா வாங்க, மிதிச்சிடப் போறீங்க" என்றார். எதை மிதிக்கப் போகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நானும் மண்டியிட்டுக் குனிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. விரல் நீளம்கூட இல்லாத தண்டு, நூல் மாதிரி. நுனியில் ஒரே ஒரு ஊதாப்பூ, அதன் வாயில் மஞ்சளாக ஒரு பொட்டு. இலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாறையில் மழைத்தண்ணீர் கசிகிற இடத்தில் ஒரு முறம் அளவுக்கு மண் தங்கியிருந்தது. அந்த முறத்து மண்ணுக்குள்தான் அத்தனை செடிகளும் இருந்தன.

எழுபதுகளின் கடைசி அது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில், கல்லூரித் தாவரவியல் துறையில் நான் அட்டெண்டர். தற்காலிக வேலை, எப்போது வேண்டுமானாலும் நாளை முதல் வராதே என்று சொல்லிவிடலாம். மேடம் அங்கே விரிவுரையாளர். ஜவ்வாது மலைச் செடிகளைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து நடந்தே மலையேறுவோம். செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு மரச்சட்டங்களால் அழுத்திக் கட்டிய கட்டு என் முதுகில் இருக்கும். மலைக்காரர்கள் என்னைப் பாய் விற்க வந்தவன் என்று நினைத்து விலை கேட்டதும் உண்டு.

அது ஒருவருஷச் செடி என்று மேடம் சொன்னார். மழையில் முளைக்கும், புரட்டாசியில் பூக்கும், விதையை உதிர்த்துவிட்டுப் பனி முடிவதற்குள் செத்துப்போகும். "மரம் மாதிரி வேர்ல உயிரை வச்சுக்கிட்டு இருக்காது. அடுத்த வருஷத்துக்கு அதுகிட்ட இருக்கிறது விதை மட்டும்தான்" என்றார். அதனால் ஒவ்வொன்றாக எண்ணி, சரிபாதிதான் எடுத்தார். மற்றவை விதைக்கு. பூ ஒன்றுகூடக் கசங்காமல் தாளில் பரப்பி என்னிடம் கொடுத்தார். இதற்கு முன் எந்தப் புத்தகத்திலும் இதைப் பார்த்ததில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். ஈரமான தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை மாற்ற வேண்டும். களைப்பு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, நாங்கள் தங்கியிருந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாமைச் சோறு தின்ன உட்கார்ந்துவிட்டேன். கூரை ஒழுகியிருக்கிறது. காலையில் பிரித்தால் பூ என்று ஒன்றுமே இல்லை. தாளில் கறுப்பாகச் சில கறைகள்தான். மேடம் அதற்குள் ஓடைப் பக்கம் வேறு செடி பார்க்கப் போயிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் வேலை போய்விடும் என்று பயந்தேன். பாறைக்கு ஓடினேன். விதைக்கு விட்டதில் நாலைந்து எடுத்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். முந்தின நாள் எடுத்த அளவுக்கு வேண்டுமே, தாள் நிறைய வேண்டுமே என்று கை போய்க்கொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது மண் மட்டும் இருந்தது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். நின்று பார்த்தார்.

"இன்னாண்ணா, அல்லாத்தையும் புடுங்கிட்ட? அது இன்னும் வெதயே உடலியே."

"இத்தினியூண்டு பூவு தானேம்மா, திரும்ப மொளைக்கும்" என்றேன்.

"வெத இல்லாம எங்கேர்ந்து மொளைக்கும்? நாங்க கெழங்கு நோண்டினாகூட கொடித் தலய அந்தக் குழியிலியே பொதச்சிட்டுதான் வர்றோம். படிச்சவங்க கூட வர்ற, உனுக்குத் தெரியாதா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாட்டை அதட்டிக்கொண்டு போய்விட்டார். மேடத்திடம் அவர் எதையும் சொல்லவும் இல்லை. நானே சொல்லுவேன் என்று நினைத்திருப்பார்.

மேடம் ஓடையிலிருந்து திரும்பிக் கட்டைப் பிரித்ததும், செடி புதிதாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நேற்று எடுத்ததில் கொஞ்சம் நனைந்துவிட்டது, அதனால் வேறு எடுத்து வந்தேன் என்றேன். அவர் முகம் மாறியது. "விதைக்கு விட்டதையா எடுத்தீங்க?" என்றார். அந்த ஒரு நொடியில் என் வாய் தானாக ஒரு பாறையைப் படைத்தது. "இல்லீங்க மேடம், அது அப்படியே கீது. இது மேல்பாறையில எடுத்தது. அங்க ஏராளமா கீதுங்க." மேல்பாறை என்று ஒன்று உண்டு, நான் அதில் ஏறியதே இல்லை. மேடம் சின்னப் பெண் மாதிரி சிரித்தார். உடனே நோட்டில் குறித்துக்கொண்டார். போய்ப் பார்க்கலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது, மத்தியான பஸ்ஸை விட்டால் மறுநாள்தான். விதை எடுக்கக் கார்த்திகையில் வரத்தானே போகிறோம் என்று இறங்கிவிட்டோம்.

பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிய செடிக்குப் பதில் வந்தது. இது இதுவரை யாரும் பெயரிடாத செடியாக இருக்கலாம். ஆனால் விதையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, விதையோடு அனுப்பவும். அவ்வளவுதான் கடிதம். மேடம் அதை மடித்துக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். கார்த்திகையில் போனோம். கீழ்ப்பாறையில் வெறும் மண். அடைமழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார். மேல்பாறையிலும் ஒன்றும் இல்லை. மாடு மேய்ந்திருக்கும் என்றேன் நான். அடுத்த புரட்டாசியில் போனோம். அதற்கடுத்த புரட்டாசியிலும் போனோம். ஆறு வருஷம். எதிர்ச்சரிவில் அதே போலத் தண்ணீர் கசிகிற பாறைகள் மூன்று நாலு தெரியும். "அதையும் ஒருநாள் பார்க்கணும்" என்பார். ஆனால் ஏராளமாக இருந்த இடத்தை விட்டுவிட்டு யார் அங்கே போவார்கள்? மேல்பாறை ஏறி இறங்கவே பொழுது சரியாகிவிடும். விதை மண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும், நல்ல மழை பெய்தால் எழுந்துவிடும் என்பார். நான் தலையை ஆட்டுவேன். இடையில் என் வேலை நிரந்தரமானது. சிபாரிசு செய்தது மேடம்தான்.

ஆறாவது வருஷம் போனபோது எதிர்ச்சரிவில் வெடிச் சத்தம் கேட்டது. ரோடு போடுகிறார்கள். அந்தப் பாறைகள் இருந்த இடத்தில் ஜல்லி குவிந்திருந்தது. மேடத்துக்கு அதற்குள் முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். மேல்பாறையில் முதல் நாள் போலவே குப்புறப் படுத்தார். வெகுநேரம் எழவே இல்லை. சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். "எந்தப் பக்கம்னு சரியா ஞாபகம் இருக்கா?" என்று படுத்தபடியே கேட்டார். நான் கையைக் காட்டினேன். வெறும் பாறை. அந்தப் பக்கம் நகர்ந்து நகர்ந்து தேடினார். அதற்குப் பிறகு அவரால் மலையேற முடியவில்லை. அவருடைய ஆராய்ச்சி நூலில் அந்தச் செடி கடைசிப் பக்கத்தில் வருகிறது, பெயரில்லாமல். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் காலமானார். சாவுக்குப் போயிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வருஷம் அந்தக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளராக இருக்கும் ஒரு சின்னப் பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது. மேடம் ஒட்டிவைத்த செடித்தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தது. பூ ஊதா போய்ப் பழுப்பாகிவிட்டது. கீழே மேடத்தின் கையெழுத்தில் குறிப்பு. சேகரித்தவர்கள் என்ற இடத்தில் அவர் பெயர், பக்கத்தில் என் பெயர். ஓர் அட்டெண்டர் பெயரை யார் எழுதுவார்கள்? அவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, மேல்பாறையில் ஏராளமாக வளர்கிறது என்று இருந்தது.

"உங்களுக்குத்தான் சார் எடம் தெரியும். இந்தப் புரட்டாசியில போகலாம்னு இருக்கேன். மேல்பாறைக்கு எப்படி ஏறணும்?" என்று அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டது.

"போவாதம்மா. அங்க ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல" என்றேன். சொல்லி முடிக்க ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை.